பச்சைத் தலை எல்லாம் அபூர்வ வாத்து அல்ல



இத்தனை வருடம் உங்கள் நோட்டில் சிவப்பு மை போட்டவன், இன்று என் தவறுக்கு நானே போடுகிறேன்.

போன தை மாதம் பழைய மாணவர் ஒருவர் கரைவெட்டி ஏரியிலிருந்து படம் அனுப்பினார். "சார், தலை பச்சையா இருக்கு. மல்லார்டுங்களா?" வட இந்தியாவுக்குக் குளிர்காலத்தில் வரும் மல்லார்டு நம் பக்கம் வருவது அபூர்வம். ஒரே நிமிடத்தில் "ஆமாம்ப்பா" என்றேன். பெரம்பலூர், அரியலூர் நண்பர்களின் மூன்று குழுக்களுக்கும் அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து எட்டாவது படிக்கும் அவர் மகள் கேட்டாள்: "தாத்தா, மூக்கு கரண்டி மாதிரி இருக்கே?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுத்த அகன்ற மூக்கு, மஞ்சள் கண், வெள்ளை மார்பு, செம்பழுப்பு விலா. ஆண் தட்டைவாயன்! வருடாவருடம் வரும் விருந்தாளி. மல்லார்டு ஆணுக்கு மஞ்சள் மூக்கு, கழுத்தில் வெள்ளை வளையம், பழுப்பு மார்பு. நான் தலையை மட்டும் பார்த்தேன், குழந்தை முழுப் பறவையையும் பார்த்தாள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அறுவடை முடிந்த வயலில் மேய விடும் நாட்டு வாத்துகள் மல்லார்டின் வம்சம்தான். அவற்றிலும் பச்சைத் தலை இருக்கும். உடம்பு கனத்து, நன்றாகப் பறக்க முடியாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

"வாத்துதானே சார், என்ன போச்சு?" என்பீர்கள். கரைவெட்டி 1999-இல் சரணாலயம் ஆனது, 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பெருமையைத் தாங்குவது பறவைக் கணக்குதான். பொய்க் கணக்கு சேர்ந்தால், நாளை நிஜமாகவே வழி தவறி ஒரு பறவை வரும்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்படி வருவதும் உண்டு. 2021 பிப்ரவரியில் அசாமின் மாகுரி ஏரிக்கு மாண்டரின் வாத்து வந்தது. அந்த வட்டாரத்தில் 1902-க்குப் பிறகு இதுவே முதல் என்று செய்தித்தாள்கள் எழுதின. தெளிவான படங்கள் இருந்ததால்தான் நாடே நம்பியது.

ஆகவே என் கருத்து இதுதான். மூக்கு, கண், மார்பு, இறக்கை எல்லாம் தெரிய நாலு படம் எடுங்கள். தேதி, நேரம், இடம் குறியுங்கள். கிட்டே போய் விரட்டாதீர்கள். அடையாளம் புரியாவிட்டால் "ஏதோ ஒரு வாத்து" என்றே எழுதுங்கள். ஈபேர்ட் தளத்திலேயே அதற்கு இடம் உண்டு.

திருத்தத்தையும் அதே மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். ஆனால் மல்லார்டு செய்தி இன்னும் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு வந்தால், "வாத்தியார் தப்பு பண்ணிட்டாரு" என்று தயங்காமல் சொல்லுங்கள்.