அவசர சிகிச்சைப் பிரிவில் மேலறை நடுக்கம் அரிதா?

காவிரிப் படுகையின் அரசு மருத்துவமனைகளில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் பெரும்பாலும் பாம்புக்கடி, சாலை விபத்து, பூச்சிமருந்து நஞ்சு, மாரடைப்பு, காய்ச்சல் ஆகியவற்றுக்காகவே வருகின்றனர் என்றும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கம் மேலை நாட்டு முதியோரின் நோய், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் போன்ற நெல் விளையும் மாவட்டங்களில் பொருட்படுத்தத்தக்க எண்ணிக்கையில் இல்லாதது என்றும் ஒரு கருத்து நிலவுகிறது. இதன் முற்பகுதியை எவரும் மறுக்கப்போவதில்லை. பிற்பகுதியோ, அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது நிலைப்பதில்லை.

இதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒருசேரச் சுருங்கி இரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ளுவது இயல்பு. அந்த ஒழுங்கு குலைந்து, நிமிடத்துக்கு 350 முதல் 600 வரையிலான தாறுமாறான மின்தூண்டல்களால் மேலறைச் சுவர் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் நிலையே மேலறை நடுக்கம். அத்தூண்டல்களில் சில மட்டுமே கீழறைகளை எட்டுவதால், நாடி எந்த வரிசைக்கும் உட்படாமல், ஒரு துடிப்பு நெருங்கியும் அடுத்தது தள்ளியும் விழுகிறது. சுருங்காத இடது மேலறையில், குறிப்பாக அதன் ஓரத்தில் காதுமடல் போல் தொங்கும் சிறு பையில், இரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். காலுக்குப் போனால் கால் குளிர்ந்து கறுத்துவிடும். குடலுக்குப் போனால் தாங்கமுடியாத வயிற்றுவலி. மேலறை நடுக்கம் உள்ளவருக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு என்றும், ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதானவருக்கு இந்நடுக்கமும் வந்தால் ஏறத்தாழ 17 மடங்கு என்றும் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு கணக்கிட்டது.

அரிது என்போர் முதலில் காட்டுவது பதிவேட்டை. ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவின் பதிவேடு நோயாளி எதைச் சொல்லிக்கொண்டு வந்தார் என்பதைத்தான் முதலில் எழுதுகிறது. வேதாரண்யத்திலிருந்தோ முத்துப்பேட்டையிலிருந்தோ 108 ஊர்தியில் வருபவரின் உறவினர் “ஒரு பக்கம் விழுந்துவிட்டது, வாய் கோணிக்கொண்டது” என்பார். “படுத்தால் மூச்சு முட்டுகிறது” என்பார். மேலறை நடுங்குகிறது என்று எவரும் சொல்லப்போவதில்லை. பக்கவாதம், மூச்சுத்திணறல், கால் இரத்தக்குழாய் அடைப்பு என்று மூன்று தலைப்புகளில் ஏறும் அந்த மூவருக்கும் அடிப்படை ஒரே நோயாக இருக்கலாம். மேலறை நடுக்கம் இரண்டாவது நோயாகக் கீழே எழுதப்பட்டாலும் மாத இறுதிக் கணக்கில் முதல் நோய் மட்டுமே கூட்டப்படுமானால் அது மறைந்துதான் போகும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, சரபோஜி மன்னரின் ஆதரவில், கண் நோயாளிகளின் நிலையைப் படமாக வரைந்து குறிப்பெழுதி வைத்த ஊர் தஞ்சாவூர் என்பதால், இங்கே குறிப்பெழுதும் மரபுக்குக் குறைவில்லை. எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில்தான் சிக்கல்.

இதே வாதத்தின் மற்றொரு வடிவம் விழுக்காட்டைக் காட்டுவது. நூறு பேரில் ஒருவரோ இருவரோதானே என்று சொல்வோர், மேலறை நடுக்கம் மிகுதி என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் இத்தாலியிலேயே, அந்நாட்டு மருத்துவமனைகளில் நடந்த ஃபயர் ஆய்வின்படி அவசரப் பிரிவுக்கு வந்தோரில் 1.5 விழுக்காட்டினருக்குத்தான் இந்நோய் இருந்தது என்பதைக் கவனிப்பதில்லை. விழுக்காடு என்பது வகுக்கும் எண்ணைப் பொறுத்தது. அறுவடைக் காலத்தில் பாம்புக்கடியும் மழைக்காலத்தில் காய்ச்சலும் கூடும்போது வகுக்கும் எண் பெருகி, நடுக்க நோயாளி ஒருவர்கூடக் குறையாமலே விழுக்காடு சரிந்துவிடும்.

“இருந்தால் நாடி பார்க்கும்போதே தெரிந்திருக்குமே” என்பது இரண்டாவது வாதம். நாடி பார்க்கப்படும் முறைதான் இதற்கு மறுமொழி. நெரிசல் மிக்க அவசரப் பிரிவில் விரல்நுனியில் மாட்டப்படும் கருவி காட்டும் எண்ணே நாடித்துடிப்பாகச் சீட்டில் ஏறுகிறது. மேலறை நடுக்கம் உள்ளவரின் விரலில் அந்த எண் 84, 112, 97 என்று தாவிக்கொண்டிருக்கும். எழுதுபவர் எழுதும் நொடியில் எது தெரிகிறதோ அதை எழுதுவார். மேலும், மிக நெருங்கி வரும் சில துடிப்புகளில் கீழறை நிரம்பாமலே சுருங்குவதால் அவை மணிக்கட்டை எட்டுவதே இல்லை; நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டால் 130 இருக்கும் துடிப்பு மணிக்கட்டில் 90 என்று தோன்றும், 90 யாரையும் அச்சுறுத்தாத எண். இரு விரலை மணிக்கட்டில் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணி, ஒழுங்கு உண்டா இல்லையா என்று ஒரு சொல் எழுதுவதும், ஐயம் எழுந்தால் ஈ.சி.ஜி. தாளில் மேலறைச் சுருக்கத்தைக் குறிக்கும் ‘பி’ அலை உள்ளதா என்று பார்ப்பதும் போதும். அது நடக்காத இடத்தில் நோய் இல்லை என்று முடிவுகட்டுவது தேடாமலே தொலைந்தது என்பதற்கு ஒப்பாகும்.

முதியோர் நோய் என்னும் மூன்றாவது வாதமே இவற்றில் மிக வலுவற்றது. அதுவே மிகுந்த தீங்கும் விளைவிப்பது. 2007-க்கும் 2011-க்கும் இடையே 46 நாடுகளில், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த மேலறை நடுக்க நோயாளிகள் 15,400 பேரை, அந்நோய்க்காகவே வந்தவர், வேறொன்றுக்காக வந்தவர் என்று இருதரப்பையும் சேர்த்துப் பதிவுசெய்த ரீ-லை பதிவேட்டில், இந்தியா, ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு ஆகிய பகுதிகளின் நோயாளிகள் பிற பகுதியினரைவிடச் சராசரியாக 10 முதல் 12 ஆண்டு இளையவர்கள். வட அமெரிக்க நோயாளிகளில் 2.2 விழுக்காட்டினருக்கு மட்டுமே இருந்த ருமாட்டிக் இதயநோய், இந்திய நோயாளிகளில் 31.5 விழுக்காட்டினருக்கு இருந்தது. இந்திய இதயத் துடிப்பியல் சங்கத்தின் பதிவேட்டில் இடம்பெற்ற 1,537 பேரின் சராசரி வயது 55-க்கும் குறைவு. ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய். ஆக, இங்குள்ள நோய்க்கு வேரே வேறு. சிறுவயதில் வந்த தொண்டைப்புண்ணைத் தொடரும் ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் வால்வைத் தடிக்கச் செய்து, வாயைச் சுருக்கி, மேலறையை ஆண்டுக்கணக்கில் வீங்கவைத்து, இறுதியில் நடுங்கவைக்கிறது. நடவு வயலில் இறங்கினால் மூச்சு வாங்கும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்புவதும், நிறைமாதத்தில் நுரையீரலில் நீர் கோத்து வருபவருக்கு ஆஸ்துமா என்று எண்ணிக்கொள்வதும், முதியோரிடம் மட்டுமே இந்நோயைத் தேடும் பழக்கத்தின் விளைவுகள்.

வேலூர் மாவட்டக் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளில் ருமாட்டிக் இதயநோய் ஆயிரத்துக்கு 0.68 ஆகக் குறைந்திருப்பதை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியதே, எனவே இது மறையும் நோய்தானே என்று கேட்கலாம். பிள்ளைகளிடம் குறைந்தது நற்செய்தி. ஆனால் அதற்கு முந்தைய தலைமுறைப் பிள்ளைகள் இன்று நாற்பதையும் ஐம்பதையும் தாண்டியவர்கள், அவர்களின் வால்வு தானாகச் சீராகிவிடுவதில்லை. தைராய்டு மிகைச் சுரப்பும், கடும் நோய்த்தொற்றும், நெல் கிடங்குகளில் புகையூட்டும் அலுமினியம் பாஸ்பைடு நஞ்சும் இதே நடுக்கத்தை உண்டாக்கக்கூடியவை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

நான்காவதாக, மக்களிடையே நடந்த ஆய்வுகள் மிகக் குறைந்த எண்ணிக்கையையே காட்டின என்பர். இமயமலைப் பழங்குடிக் கிராமம் ஒன்றில் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒருமுறை ஈ.சி.ஜி. எடுத்தபோது 0.1 விழுக்காடுதான் கிடைத்தது என்பது உண்மையே. ஆனால் இந்நடுக்கம் பலருக்கு வந்துவந்து போவது. ஒருமுறை எடுக்கும் தாளில் அது அகப்படாமல் போவதே இயல்பு. குஜராத்தின் ஆனந்த் மாவட்டக் கிராமங்களில், ஐம்பது வயதைக் கடந்தோரைக் கைபேசியோடு இணைந்த சிறு கருவியால் சில நாட்கள் திரும்பத் திரும்பச் சோதித்த ஸ்மார்ட்-இந்தியா ஆய்வு 1.6 விழுக்காட்டைக் கண்டது.

எதிர்த்தரப்பின் கையில் நேர்மையான ஒரு சான்று உண்டு; அதை மறைப்பது முறையன்று. ரீ-லை பதிவேட்டில் ஓராண்டுக்குள் பக்கவாதம் கண்டோர் உலக அளவில் 4 விழுக்காடு. இந்தியாவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. இளவயது இதற்கு ஒரு காரணமாகலாம். எனினும் அந்தக் கணக்கு, நோய் கண்டறியப்பட்ட பின் வந்த பக்கவாதத்தை மட்டுமே எண்ணுகிறது. நோயே பக்கவாதத்தின் வழியாக முதன்முதலில் வெளிப்பட்டவர் அதில் வரமாட்டார். அதே பதிவேட்டில் ஓராண்டில் இறந்தோர் உலக அளவில் 11 விழுக்காடு, இறப்புக்கான முதன்மைக் காரணம் பக்கவாதமன்று, இதயச் செயலிழப்பு.

கண்டுபிடித்தாலும் இந்தப் பகுதியில் செய்வதற்கு என்ன இருக்கிறது, இரத்தம் உறையாமல் தடுக்கும் விலையுயர்ந்த புது மருந்துகள் வேண்டுமே என்பது கடைசி வாதம். இதற்கு 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு விடை தந்துவிட்டது. 24 நாடுகளில் ருமாட்டிக் இதயநோயோடு மேலறை நடுக்கமும் கொண்ட சுமார் 4,500 பேரை இரு பிரிவாக்கியபோது, புது மருந்தான ரிவரோக்சபானை எடுத்தோரில் 552 பேரும், வார்ஃபரின் வகையைச் சேர்ந்த பழைய மாத்திரைகளை எடுத்தோரில் 442 பேரும் இறந்தனர். விலை குறைந்த வார்ஃபரின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. அதற்கு வேண்டியது, இரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை மாதம் ஒருமுறையாவது ஊருக்கு அருகிலேயே செய்துகொள்ளும் வசதியும், கீரை உண்ணும் அளவு திடீரெனக் கூடினாலோ குறைந்தாலோ மாத்திரையின் அளவும் மாறவேண்டிவரும் என்று வீட்டாருக்கு விளக்கிச் சொல்ல ஓர் ஆளும்.