வீட்டுத் தோட்டம்: உப்புக் காற்றுக்கு ஏற்ற செடிகள்

மனை சிறிதாயினும், முற்றத்தில் நாலு செடிகள் தழைத்து நின்றால் வீட்டுக்கே ஒரு தனிக்களை உண்டாகிறது. ஆனால், பூங்கன்று வாங்கச் செல்லும் நம்மில் பெரும்பாலோர் முதலிற் பார்ப்பது பூவின் நிறத்தையே. நம் மண் எத்தகையது, எத்திசையிலிருந்து எக்காற்று வீசுகிறது, கிணற்றில் எவ்வளவு நன்னீர் உண்டு என்பவற்றைச் சிந்திப்பதில்லை. விளைவு யாது? கார்த்திகையில் நட்ட கன்று ஆனியிற் கருகுகிறது. குற்றம் கன்றினுடையதன்று, அதனைத் தேர்ந்தெடுத்த முறையினுடையது.

திருகோணமலை நகருக்கு வடக்கே சுமார் 15 கிலோமீற்றர் தொலைவில், புறாத்தீவை எதிர்நோக்கிக் கிடக்கும் நிலாவெளிக் கரையை எடுத்துக்கொள்வோம். திருகோணமலைப் பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. கேட்பதற்கு இது பெருமழையே. ஆயினும் அதிற் பாதிக்கு மேல் ஐப்பசி தொடங்கித் தை வரையிலான சில மாதங்களிற் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மண்ணோ மணல், பெய்த நீரை விரைவிற் கீழே விட்டுவிடும். வாடைக்காற்று கடலின் உப்புத் துளிகளைச் சுமந்துகொண்டு வடகிழக்கிலிருந்து வரும். பின்னர், கச்சான் காற்று நிலப்பரப்பின் வெம்மையை அள்ளிக்கொண்டு மேற்கிலிருந்து வரும். ஆகவே நிலாவெளித் தோட்டம் இரு முனைகளிலும் தாக்கப்படுகின்ற தோட்டமாகும்.

உப்பு ஒரு செடியை எவ்வாறு வாட்டுகிறது? மாணவர்கள் இதனைச் சமையலறையிலேயே கண்டறியலாம். உருளைக்கிழங்கில் ஒரேயளவான இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றை நன்னீரிலும் மற்றதை நன்றாக உப்பிட்ட நீரிலும் இட்டு, சில மணி நேரம் சென்றபின் எடுத்துப் பாருங்கள். நன்னீரிற் கிடந்தது விறைத்து நிற்கும். உப்புநீரிற் கிடந்தது துவண்டு வளையும். உப்புநீர் கிழங்கிலிருந்த நீரை வெளியே இழுத்துவிட்டது. உப்பேறிய மண்ணிலும் வேருக்கு நேர்வது இதுவே. அருகிலே ஈரமிருந்தும் செடியால் அதனை எளிதிற் பருக முடிவதில்லை.

வியப்பென்னவெனில், கடுங்குளிர் நாட்டுச் செடிகளின் துன்பமும் இதனையொத்ததே. இமயத்துக்கு அப்பால், 3,500 மீற்றர் உயரத்தில் இருக்கும் லடாக்கின் லே நகரில் மழையும் பனியும் சேர்ந்தே ஆண்டுக்கு 100 மில்லிமீற்றர் அளவுதான். குளிர்காலத்தில் மண்ணீர் உறைந்துபோகிறது; வறண்ட காற்றோ ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கிறது. உறைந்த நீரை வேர் பருகவியலாது. அங்கே இயல்பாக வளரும் சீபக்தோர்ன் என்னும் முட்புதர், ஒடுங்கிய சாம்பல் நிற இலைகளால் அவ்வறட்சியைத் தாங்கி நிற்கிறது. அதே புதர் ஐரோப்பாவின் கடற்கரை மணல் மேடுகளிலும் செழித்து வளர்கிறது! குளிர்மலையும் உப்புக்கரையும் செடியிடம் கேட்பது ஒரே திறமையைத்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க விதி ஒன்றுண்டு. இலை சிறுத்தோ, தடித்தோ, மெழுகு பூசியதுபோல் மினுங்கியோ, மெல்லிய மயிர் போர்த்தோ இருக்குமாயின், அச்செடி நீரைச் சிக்கனமாகச் செலவிடும் செடி என்று பெரும்பாலும் கொள்ளலாம். அகன்று மெலிந்த இலையுடையது தாகம் மிக்கது. அதனைக் காற்றுப்படாத இடத்தில் மட்டுமே வைத்தல் வேண்டும்.

இனித் தேர்வுக்கு வருவோம். தோட்டத்தை மூன்று வரிசைகளாக மனத்திற் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கடலை நோக்கிய வரிசை. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்துக்குரியனவாகப் பாடிய தாழையும் அடும்பும் இன்றும் இவ்விடத்துக்குப் பொருத்தமானவை. அடும்பங்கொடி தானாகப் படர்ந்திருந்தால் அதனைக் களையென்று பிடுங்கி எறியாதீர்கள். மணல் பறவாமற் கட்டிப் பிடிப்பது அதுவே. வேலிக்குப் பூவரசங் கதியால் சிறந்தது. ஆண்டுதோறும் கிளைகளை வெட்டித் தாழ வளர்த்தால் புதர்போல் அடர்ந்து நிற்கும். வெட்டிய குழை மண்ணுக்குப் பசளையாகும்.

இரண்டாவது, நடு வரிசை. இங்கே நொச்சி, ஆடாதோடை, மருதோன்றி ஆகிய மூன்றையும் கலந்து நடலாம். ஆடு தொடாத இலையாதலின் ஆடாதோடை என்று பெயர் பெற்ற செடி, கால்நடை உலாவும் ஊருக்கு ஏற்ற வேலி. இருமலுக்குக் கைமருந்தும் ஆகும். நொச்சி வெயிலைப் பொருட்படுத்தாது. மருதோன்றி வறட்சியைத் தாங்கி, கத்தரிக்குந்தோறும் நெருங்கித் தளிர்க்கும். கலியாணத்துக்கும் பெருநாளுக்கும் அயல்வீட்டார் வந்து இலை கேட்பது அச்செடி தரும் இன்னொரு நன்மை. நிறம் வேண்டுவோர் போகன்விலாவை வைக்கலாம்; நீரைக் குறைத்தால் அது மிகுதியாகப் பூக்கும். கச்சானைத் தடுக்க மேற்குப் புறத்திலும் இத்தகைய வரிசை ஒன்று அவசியம்.

இவ்விடத்தில் ஒரு குறிப்பு. காற்றை மறிக்க மதிலைவிடச் செடிவேலியே சிறந்தது. மதிலில் மோதிய காற்று மேலெழுந்து அப்புறத்திற் சுழன்று விழும். செடிவேலியோ காற்றை வடிகட்டி, வேகத்தைக் குறைத்து அனுப்பும். நான்கு அடி உயர வேலியின் காவல், அதன் மறைவில் ஏறக்குறைய நாற்பது அடி தூரம் வரை உணரப்படும்.

மூன்றாவது, வீட்டின் மறைவிலுள்ள வரிசை. செவ்வரத்தை, நந்தியாவட்டை, மல்லிகை, கறிவேப்பிலை ஆகிய தாகமுள்ள செடிகளுக்கு இதுவே இடம். அரிசி கழுவிய நீரையும் காய்கறி கழுவிய நீரையும் இவற்றுக்கு ஊற்றலாம்.

சில செடிகளைத் தவிர்த்தலும் தேர்வின் ஒரு பகுதியே. அலரி உப்பையும் வறட்சியையும் வென்று பூக்கும், பூசைக்கும் உரியது. ஆயினும் அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. மஞ்சள் அலரியின் காய் அதனினும் கொடிது. இதயத்தைத் தாக்கும் அந்நஞ்சினால் இலங்கை மருத்துவமனைகள் கண்ட துயரம் கொஞ்சமன்று. சிறுவர் உள்ள மனைக்கு அது வேண்டாம். பூசைக்குச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் போதுமல்லவா? அவ்வாறே சீமைக் கருவேலையும் விலக்குங்கள். உவர்நிலத்தைச் சீர்செய்யவென்று 1950களில் அம்பாந்தோட்டைப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட அம்மரம், பின்னர் பூந்தலைத் தேசியப் பூங்காவிற் புகுந்து பரவி, களைய முடியாத பெருந்தொல்லையாயிற்று. வறட்சியைத் தாங்குவதெல்லாம் நல்ல செடியென்று கொள்ளலாகாது.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று சிலர் கேட்கலாம். அழகை மட்டும் கருதினால் எதையும் நட்டு, தினமும் நீர் இறைத்து ஊற்றிவிடலாமே? அங்கேதான் ஆபத்து இருக்கிறது. மணற்கரையில் மழைநீர் நிலத்தினுள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. நாம் பருகும் கிணற்றுநீர் அதுவே. ஒல்லாந்தரான கைபென், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவர் தனித்தனியே கண்டறிந்த கணக்கின்படி, நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். மேலே நிற்கும் அந்த ஓரடியை இறைத்துத் தாழ்த்தினால், நாளடைவில் கீழேயுள்ள உப்புநீர் நாற்பது அடி மேலேறத் தலைப்படும். 2004 டிசெம்பர் 26இல் வந்த கடற்கோளின்பின், கிழக்குக் கரையோரக் கிணறுகள் பல உப்பேறின. தூய்மையாக்கும் பொருட்டு அளவுமீறி நீர் இறைத்த இடங்களில், கீழிருந்த உப்பும் மேலே வந்து சேர்ந்தது. ஆகையால் நிலாவெளி இல்லத்தரசி ஒருவர் எந்தச் செடியை நடுகிறார் என்பது, தம் பிள்ளைகள் எந்த நீரைப் பருகப்போகிறார்கள் என்பதோடும் தொடர்புடையது.

நடும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். ஐப்பசி மழை தொடங்கியதும் நடுங்கள். மழை ஓயுமுன் வேர் ஆழ இறங்கிவிடும். ஒன்றரை அடிக் குழி தோண்டி, அடியிலே தென்னம் பொச்சுகளை உட்புறம் மேல்நோக்கி அடுக்குங்கள். அவை நீரைப் பிடித்து வைக்கும். அதன்மேல் மக்கிய சாணத்தையும் இலைக்குப்பையையும் மணலோடு கலந்து நிரப்புங்கள். நட்டபின், செடியின் அடியைச் சருகினால் மூடிவிடுங்கள். முதற் கோடையில் செடியருகே மெருகிடாத மண்முட்டி ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவையுங்கள். முட்டியின் சுவர் வழியே கசியும் ஈரம் வேருக்கே செல்லும், வெயிலுக்கு வீணாகாது. கிணற்றுநீர் சிறிது உவர்ப்பாயின் அதனை இலைமேல் தெளிக்காதீர்கள். முதிர்ந்த இலைகளின் ஓரம் பழுப்பு நிறமாகக் கருகத் தொடங்கினால், உப்பு மிகுந்துவிட்டதென்று அறிந்து அந்நீரை நிறுத்துங்கள்.

செடிவேலி கடற்கோளைத் தடுத்துவிடுமென்று எவரும் நம்பியிருத்தல் கூடாது. அது மணலைப் பிடிக்கும், காற்றைத் தணிக்கும், நிழல் தரும், கிணற்றை வற்றவிடாது. ஒரு வீட்டுக்கு இவை சிறிய உதவிகள் அல்லவே. வருகிற ஐப்பசிக்கு முன், மாலைவேளையொன்றில் உங்கள் வளவைச் சுற்றி நடந்து, நீர் ஊற்றாமலே தழைத்து நிற்பவை எவையென்று பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். அந்தப் பட்டியலிலிருந்தே உங்கள் தேர்வைத் தொடங்கலாம்.