பௌர்ணமி பார்த்து நாள் குறிப்போம்

சித்தூர், திருப்பதித் தமிழர்களாகிய நாம் சித்திரைப் புத்தாண்டு விழாவை ஏப்ரல் 14-க்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையில் நடத்தி வருகிறோம். அலுவலகம் செல்வோருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதுவே வசதி என்று செயற்குழுவில் வாதாடியவர்களில் அடியேனும் ஒருவன். ஆயுளில் பாதியைக் கால அட்டவணையோடு கழித்த ரயில்வேக்காரனுக்கு, மாறாத நாள் என்றாலே ஒரு நிம்மதி.

2025-இல் அந்த ஞாயிறு ஏப்ரல் 20. சேர்ந்திசைக் குழுவில் மூன்று குரல்கள் குறைந்தன. பாகாலாவில் தண்டவாளப் பராமரிப்பில் என்னுடன் பணியாற்றிய நண்பரின் பேரப்பிள்ளைகள் அவர்கள். மறுநாள் நண்பரைத் தொலைபேசியில் உரிமையோடு கடிந்துகொண்டேன். "சார், நேத்து ஈஸ்டர்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பழைய காலண்டர்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 2014, 2017, 2022 ஆகிய ஆண்டுகளிலும் இதே கதைதான். 2017-இல் தமிழ்ப் புத்தாண்டே புனித வெள்ளியன்று வந்திருக்கிறது. ஒரு முறையும் அவர்கள் வாய் திறந்து குறை சொன்னதில்லை; நாங்களும் கேட்டதில்லை.

கிறிஸ்துமஸ் போல ஈஸ்டருக்கும் நிலையான தேதி இருந்தால் இந்தச் சங்கடம் ஏது என்றுதான் முதலில் எண்ணினேன். அப்படி எண்ணியவன் நான் மட்டுமல்ல. ஏப்ரல் மாதத்து இரண்டாம் சனிக்கு மறுநாளே ஈஸ்டர் என்று 1928-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டமே இயற்றியது. அது நடைமுறைக்கு வரவேயில்லை. வராததே நல்லது என்று இப்போது படுகிறது.

யூதர்கள் எகிப்தின் அடிமைத்தளை நீங்கியதை நினைத்துக் கொண்டாடும் பாஸ்கா, முழுநிலவை ஒட்டிய பண்டிகை. இயேசு சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்ததை வேதாகமம் அந்தப் பண்டிகைக் காலத்தில்தான் வைக்கிறது. எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும் என்று கி.பி. 325-இல் நைசியாவில் கூடிய மன்றம் முடிவு செய்தது. நிலைத்துவிட்ட விதி இதுதான்: மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. பௌர்ணமியை வாய்பாட்டைக் கொண்டு கணிப்பதால் நம் பஞ்சாங்கத்தோடு ஓரிரு நாள் முன்பின் ஆகலாம். மார்ச் 22-க்கு முன்போ, ஏப்ரல் 25-க்குப் பின்போ ஈஸ்டர் வராது.

2025-இல் அந்தப் பௌர்ணமி எது தெரியுமா? திருமலையில் வசந்தோற்சவம் நிறைவு பெற்ற அதே பௌர்ணமி! தெலுங்கர் கணக்கில் அது சைத்திரம். நமக்கோ பங்குனி உத்திரத்தை ஒட்டி வந்தது. ஒரே நிலாவுக்கு மூன்று கணக்கு. 2019-இல் சித்ரா பௌர்ணமியும் புனித வெள்ளியும் ஒரே நாளில் வந்தன.

இதை வெள்ளைக்காரன் பண்டிகை என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. ஈஸ்டர் என்ற பெயர் ஓர் ஆங்கிலேய வசந்த தேவதையின் பெயரிலிருந்து வந்தது என்று எட்டாம் நூற்றாண்டுத் துறவி பீட் எழுதியிருப்பது மெய்தான். முட்டைக்குச் சாயம் பூசுவது, முயல் பொம்மை எல்லாம் அவர்கள் நாட்டு வழக்கம். விரத காலத்தில் முட்டை விலக்கு, கோழி அதற்காக இடாமல் இருக்குமா? சேர்ந்துபோனதை விரதம் முடிந்ததும் தின்றார்கள். ஆனால் நம்மவர்கள் குருத்தோலை ஞாயிறன்று மடித்துப் பிடிப்பது தென்னங்குருத்தை. ஞாயிறுகளைக் கழித்து நாற்பது நாள் விரதம். நம் ஐயப்ப பக்தர்களுக்கு நாற்பத்தொன்று. நண்பர் ஒருமுறை என்னையும் ஈஸ்டர் விடியலுக்கு அழைத்துப் போனார். இருட்டோடு கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்திகள். தம் தந்தையின் கல்லறையை முந்தின நாளே சுண்ணாம்படித்து வைத்திருந்தார். விடியற்காலையில் கல்லறைக்கு வந்த பெண்கள் அது வெறுமையாய் இருக்கக் கண்டார்கள் என்ற வேதாகமச் செய்தியின் நினைவு அது. முட்டையும் இல்லை, முயலும் இல்லை.

இவர்கள் நேற்று வந்தவர்களுமல்லர். ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கியது 1853-இல். சித்தூர் அதன் தொடக்ககால நிலையங்களுள் ஒன்று. சித்தூர் தனி மாவட்டமானதே 1911-இல்தான். தெலுங்கு வழங்கும் ஊரில் ஞாயிறுதோறும் தமிழ் வேதாகமத்தைக் கையிலெடுத்து வாசிக்கும் குடும்பங்கள் இவை. ஒன்றை வெட்கத்தோடு சொல்கிறேன்: நம் சேர்ந்திசைக் குழுவில் பாட்டைத் தமிழ் எழுத்தில் பார்த்துப் படிப்பவர்கள் அந்த மூன்று பிள்ளைகள்தான். என் பேத்தி உட்பட மற்றவர்கள் தெலுங்கு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். அந்த மூவரும் வராத அன்று இரண்டாவது சரணத்தில் குழுவே தடுமாறியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அடுத்த சிக்கல் 2028-இல். ஏப்ரல் 14 புனித வெள்ளி, 16 ஈஸ்டர். அவ்வாண்டு நம் விழாவை 23-ஆம் தேதிக்குத் தள்ளி வைக்கலாம் என்பது என் தாழ்மையான யோசனை. புனித வாரத்தில் மாலை வேளைகளில் அவர்களுக்கு ஆராதனை இருக்கும். ஒத்திகையையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். செயற்குழு இசைந்தால் மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன்.