எங்கட கறுப்பை ஏன் அண்ணா வெளுக்கிறீங்க?

கம்பஸ் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனா என்ன நடக்கும்? முகத்துக்கு நேரா ரெண்டு லைட் பளிச்செண்டு அடிக்கும். பிறகு கேக்காமலே கம்பியூட்டரில ரெண்டு படி வெள்ளையாக்கித் தருவாங்க. எங்கட கூட்டத்தில ஒருத்தி "அண்ணா, இது நானில்லையே" எண்டு கேட்டதுக்கு வந்த பதில்: "வடிவா இருக்குத்தானே தங்கச்சி."

இது இண்டைக்கு வந்த பழக்கமில்லை. கலர் பிரிண்ட் சரியா வருதா எண்டு பார்க்க கொடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய 'ஷேர்லி கார்ட்'டில் பல வருசமாக வெள்ளைக்காரப் பெண்களின் முகம்தான் இருந்தது. கறுத்த முகம் இருட்டுக்குள்ள போனது பெரிய பிரச்சினையாகத் தெரியேல்ல. சொக்லேட் கம்பனிகளும் தளபாடக் கம்பனிகளும் தங்கட பொருளின் நிறம் சரியா வருதில்லை எண்டு முறைப்பட்ட பிறகுதான் பிலிமைத் திருத்த வெளிக்கிட்டாங்க. மேசைக்குக் கிடைச்ச மரியாதை மனுசருக்குக் கிடைக்கேல்ல.

அதாலதான் பம்பலப்பிட்டியில ஒரு சின்ன அறைக்குள்ள நாங்களே லைட் போடத் தொடங்கினோம். செகண்ட் ஹேண்ட் கமரா, நாலு பென்டோர்ச் பற்றரி போடுற மெனுவல் பிளாஷ், ரேடியோ டிரிகர், ஒரு ரெஜிபோம் பலகை. இவ்வளவுதான். பிளாஷை கமராவில இருந்து கழட்டி, பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திருப்புங்க. எங்கட சுவர் பச்சை, முகமும் பச்சையா வந்தது. வெள்ளைப் பெட்ஷீட்டைத் தொங்கவிட்டுச் சமாளிச்சோம். ஆளைப் பெட்ஷீட்டுக்குக் கிட்ட இருத்தினா வெளிச்சம் மென்மையாகும். மற்றப் பக்கம் ரெஜிபோம். ஷட்டர் 1/200க்கு மேல போனா பல கமராக்களில படத்தில பாதி கறுப்பாகும். பிலிம் காலத்துப் பிளாஷ் மலிவாக் கிடைச்சா அப்படியே டிஜிட்டல் கமராவில பூட்டிப்போடாதீங்க. சிலதில வரும் வோல்டேஜ் கமராவையே எரிச்சுப்போடும்.

கறுத்த தோலின் வடிவம் அதில படுற மினுக்கத்திலதான் தெரியும். அகலமான வெளிச்சம் பக்கத்தில இருந்து வந்தா கன்னமும் தாடையும் எழும்பி வரும். நேரா அடிச்சா தட்டையாப் போகும். அதை மறைக்கத்தான் வெளுக்கிறாங்களோ எண்டும் எங்களுக்கு ஒரு சந்தேகம்.

"சொப்ட்பொக்ஸ் இல்லாம என்ன ஸ்டூடியோ?" எண்டு சிரிக்கிற அண்ணாமாரும் இருக்கிறாங்க. 2022இல மூண்டு மாசத்துக்குள்ள டொலர் 200 ரூபாவில இருந்து 360க்குப் போன நாடு இது. இறக்குமதிச் சாமான் வாங்கினாத்தான் படம் எடுக்கலாம் எண்டா, வசதியான வீட்டுப் பிள்ளையள் மட்டும்தான் எடுப்பாங்க. அவங்கட கண்ணாலதான் நாங்கள் எல்லாரும் தெரிவோம்.

ஸ்டூடியோ அண்ணாமாரே, உங்கட தொழிலைக் கெடுக்க வரேல்ல. ஐடி படத்துக்கு இன்னும் உங்களிட்டத்தான் வாறோம். அந்த ஸ்லைடரில கை வைக்க முதல் ஒருக்காக் கேளுங்க.