படிவம் கேட்காத கேள்வி

பெண் தொழில் முனைவோர் அபிவிருத்தித் திட்டம் ஒன்றில் சேர்வதற்கான படிவத்தை நிரப்பித் தருமாறு, என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தியின் தாய் சென்ற மாதம் வந்திருந்தார். எங்கள் அளவெட்டியின் வெங்காயத் தோட்டங்களிற் கூலிக்குக் களை பிடுங்குபவர். பனையோலையிற் பெட்டியும் கடகமும் இழைப்பதிற் கைதேர்ந்தவர். போரிலே கணவனை இழந்தவர். படிவத்தின் கடைசிப் பக்கம் காணி உறுதியின் பிரதியையும், அரசாங்க உத்தியோகத்திலுள்ள பிணைகாரர் இருவரையும் கேட்டது. “உறுதி இல்லாட்டில் சேர ஏலாதோ, ரீச்சர்?” என்றார் அவர். அன்று என்னால் மறுமொழி கூற முடியவில்லை. இக்கட்டுரையே அம்மறுமொழி.

திட்டத்தை நடத்துவோரை வினவினேன். “நாங்கள் சாதி பார்ப்பதில்லை, எல்லாப் பெண்களும் எமக்குச் சமம்” என்றனர். இனிய சொற்கள்தாம். ஆனால், இக்குடாநாட்டில் காணி உறுதி எவர் கையில் இருந்து வந்துள்ளது? பிறர் காணியிற் குடியிருந்து, பிறர் கிணற்றடியில் தண்ணீருக்குக் காத்து நின்றோர் யாவர்? 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் பெயர்க்கப்பட்டனர். போர் முடிந்தபின் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டபோது, காணியுடையோர் திரும்பினர். மல்லாகத்தைச் சூழ்ந்த முகாம்களில் எஞ்சி நின்றோரிற் பெரும்பாலோர் காணியற்ற ஒடுக்கப்பட்ட மக்களே. படிவம் சாதியைக் கேட்கவில்லை, உண்மை. ஆனால் உறுதியைக் கேட்பவர், சாதியை வாய்விட்டுக் கேளாமலே கேட்டு விடுகிறார்!

இந்தக் ‘குருட்டுச் சமத்துவம்’ நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் அற்லாந்தா நகரிற் கறுப்பினப் பெண்கள் நிறுவிய ‘ஃபியர்லெஸ் ஃபண்ட்’ என்னும் நிதியம், கறுப்பினப் பெண்களின் சிறு தொழில்களுக்கு 20,000 டொலர் நன்கொடை வழங்கும் போட்டியை நடத்தியது. 2023 ஓகஸ்டில், எட்வேட் புளூம் என்பவரின் ‘சம உரிமைக்கான அமெரிக்கக் கூட்டணி’ அதன்மீது வழக்குத் தொடுத்தது. எச்சட்டத்தின் பெயரால்? அடிமைத்தளை நீங்கிய மக்களும் வெள்ளையரைப் போல ஒப்பந்தம் செய்யும் உரிமை பெறவேண்டுமென 1866 இல் இயற்றப்பட்ட குடியியல் உரிமைச் சட்டத்தின் பெயரால்! 2024 யூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்நன்கொடைக்குத் தடை விதிக்குமாறு தீர்ப்பளித்தது. செப்ரெம்பரில் இணக்கம் ஏற்பட்டது, நன்கொடை நின்றது. ஒடுக்கப்பட்டோருக்காக வடித்த கேடயம் ஒடுக்கப்பட்டோர்மீதே வாளாக வீசப்பட்டது.

அங்கே சமத்துவத்தின் பெயரால் நீதிமன்றம் கதவைச் சாத்தியது. இங்கே அதே பெயரால் ஒரு படிவம் சாத்துகிறது. வேறுபாடு இவ்வளவே: அங்குள்ள பெண்களுக்குத் தம் ஒடுக்குமுறையைப் பெயர் சொல்லி ஒரு திட்டம் அமைக்கவேனும் முடிந்தது. இங்கோ குடிசன மதிப்பீடுகூடச் சாதியைக் கேட்பதில்லை. கணக்கில் வராத துன்பத்துக்கு எவர் பரிகாரம் தேடுவார்?

இனி, உறுதியின்றியே ஒருத்தி சேர்ந்து விட்டாள் என்று கொள்வோம். பயிற்சி முடிய வருவது சான்றிதழ். அதன்பின் வருவது கடன். 2018 இல் இந்நாட்டுக்கு வந்த ஐக்கிய நாடுகள் நிபுணர் யுவான் பாப்லோ பொகோஸ்லாவ்ஸ்கி, நுண்கடனின் ஆண்டு வட்டி நூற்றுக்கு 220 வரை ஏறியிருந்ததை எடுத்துக் காட்டினார். நிலமும் சந்தையும் நியாயமான கடனும் இல்லாதவளை ‘முனைவோர்’ என்று அழைப்பதால் ஆவதென்ன? அவள் தோற்றால் சமுதாயத்தின் குற்றம் அவளது திறமைக் குறைவாகிவிடுகிறது!

ஆயின், அத்தாய் சேரவே கூடாதா? அவ்வாறு கூறுவது வயிறு நிறைந்தோரின் புரட்சி. சேரட்டும், ஆனால் தனித்துச் சேரவேண்டாம். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தும் கோயிற் கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் வாசலில் மக்கள் திரண்டு நின்று போராட வேண்டியிருந்தது. 1972 இல் கள்ளுத் தவறணைக் குத்தகை முறை ஒழிந்து, சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. மரத்தில் ஏறியவனின் உழைப்பில் குத்தகைகாரன் கொழுத்த காலம் அவ்வாறே முடிவுக்கு வந்தது. ஓலை இழைக்கும் கைகளுக்கும் அவ்வழியே வழி. உறுதி கேளாத கடன், கூட்டுறவின் பெயரிற் காணி, இடைத்தரகன் இல்லாத சந்தை: இவற்றைப் பத்துப் பெண்கள் ஒன்றாய்க் கேட்டால், படிவம் மாறியே தீரும்.

ஆசிரியத் தோழர்களே! படிவம் கேட்கும் ‘அரசாங்க உத்தியோகத்தர்’ நாமே. நான் அத்தாய்க்குப் பிணையாகக் கையெழுத்திட்டேன். என் வீட்டுப் பெட்டகத்தில் மூன்று காணி உறுதிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றையேனும் நான் உழைத்துப் பெறவில்லை. அவர் உழைத்த உழைப்புக்கோ ஓர் உறுதியும் இல்லை. என் கையெழுத்து அவருக்குச் செய்த உபகாரமாக இருக்கலாம், நீதி ஆகாது. கையெழுத்திடுவதோடு நில்லாமல், அப்பெண்களோடு சென்று அக்கடைசிப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்வதே நம் கடமை.