முழங்கை நோவும் வேலைக் காயம்தான்



கை முறிந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. மாவுக்கட்டு கண்ணுக்குத் தெரியும். துரையும் பார்ப்பார், கங்காணியும் பார்ப்பார். முழங்கை நோவுக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. வீக்கம் இல்லை, இரத்தம் இல்லை, எக்ஸ்ரே எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் கேத்திலைத் தூக்க முடியாது, துணி பிழிய முடியாது, தண்ணீர் வாளியைப் பிடித்தால் மின்சாரம் அடித்ததுபோல விரல் வரைக்கும் இழுக்கும். ஆறு மாதமாக இப்படி என்று சொன்னால், வேலைக்கு வராமல் இருக்க ஒரு சாட்டு என்கிறார்கள். இந்தச் சாட்டுப் பேச்சைச் சங்கம் இனியும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் படிப்பிப்பது கிளிநொச்சி மாவட்டத்தில், தென்னந்தோட்டத்தை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில். 1958, 1977, 1983 கலவரங்களோடு மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்கள் பல. தர்மபுரம், பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் போனால் இன்றைக்கும் அந்தக் குடும்பங்களைக் காணலாம். அன்றைக்குக் கொழுந்துக்கூடை சுமந்த பாட்டியின் பேத்தி இன்றைக்குத் தேங்காய் உரிக்கிறாள், மண்வெட்டி பிடிக்கிறாள், கல்லுடைக்கும் இடத்தில் சுத்தியல் தூக்குகிறாள். வேலை மாறினாலும் நோகிற இடம் மாறவில்லை. வகுப்பில் ஒரு பெண்பிள்ளை திங்கள், செவ்வாய் என்று அடுத்தடுத்து வராமல் நின்றால், நான் முதலில் கேட்பது "அம்மாவுக்குக் கை எப்படி?" என்பதுதான். கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் தம்பிக்குச் சமைப்பதும் அந்தப் பிள்ளையின் தலையில் விழுந்திருக்கும்.

இந்த நோவுக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் 'டென்னிஸ் எல்போ'. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1873இல் ஜெர்மன் மருத்துவர் ரூங்கே இதை எழுதும் வேலை செய்பவர்களிடம்தான் கண்டு விவரித்தார். டென்னிஸ் என்ற பெயர் அதற்குப் பிறகு இங்கிலாந்தில் ஒட்டிக்கொண்டது. இந்த நோவு வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்த மட்டையைத் தொட்டும் பார்க்காதவர்கள். மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் தசைகள் எல்லாம் முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் வந்து சேர்கின்றன. இறுக்கிப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த இடம் இழுபடுகிறது. கொழுந்து கிள்ளினாலும், கவ்வாத்துக் கத்தி வீசினாலும், அலவாங்கில் தேங்காயைக் குத்தித் திருகினாலும், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை அது இழுபடும். ஆற நேரம் கிடைக்காத நார் நைந்து போகிறது. நோவு முழங்கையின் உட்பக்கம் இருந்தால் அது இதற்குத் தம்பி. காரணமும் வைத்தியமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சச்சின் டெண்டுல்கருக்கு 2004இல் வந்தது இதே நோவுதான். பல போட்டிகளில் அவரால் ஆட முடியவில்லை. 2005 மே மாதம் லண்டனில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அந்த ஒக்டோபரில் நாக்பூரில் எங்கள் இலங்கை அணிக்கு எதிராகத் திரும்பி வந்து 93 ஓட்டம் எடுத்தார். (எங்களுக்கு அது நல்ல நாள் அல்ல.) அவர் கை நோகிறது என்று சொன்னபோது சாட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆற வேண்டிய காலத்தைக் கொடுத்தார்கள், பயிற்சி கொடுக்க ஆள் வைத்தார்கள். எமது தோழிக்கோ வேலைக்குப் போகாத நாளில் பேர் விழாது. போனாலும் குறித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப் பேர். நோவைவிட அரைப் பேருக்குத்தான் பயம், அதனால்தான் நோவோடு வேலை செய்கிறார்கள், அதனால்தான் நோவு ஆறுவதில்லை.

இனி வைத்தியம். முதலில் எமது ஆட்கள் போவது மருந்துக்கடைக்கு. டைக்குளோபினாக் இரண்டு அட்டை வாங்கி, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று மாதக்கணக்கில் போடுகிறார்கள். வன்னியில் இது மிகவும் ஆபத்தான பழக்கம். காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இருக்கிறது. இந்த நோக்குளிசைகள் சிறுநீரகத்தைத் தாக்கக் கூடியவை. வெயிலில் வேலை செய்து உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது இன்னும் கூடுதலாக. முழங்கைக்கு விழுங்கியது சிறுநீரகத்தில் நோயாக வந்து உட்கார வேண்டுமா? வைத்தியர் எழுதித் தந்தால், எழுதிய நாட்களுக்கு மட்டும் போடுங்கள்.

அடுத்தது ஊசி. தனியார் கிளினிக்கில் காசு கட்டி முழங்கையில் ஸ்டீரோயிட் ஊசி போட்டுக்கொண்டு, மறுவாரமே மண்வெட்டியைத் தூக்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஊசி வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே வேலை செய்யும், கொஞ்ச நாளைக்கு. நெதர்லாந்தில் 185 நோயாளரை மூன்றாகப் பிரித்துப் பார்த்த ஆய்வொன்று 2002இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆறு வாரத்தில் ஊசி போட்டவர்களில் 100க்கு 92 பேர் சுகம் கண்டிருந்தார்கள். பிசியோதெரபி செய்தவர்களில் 47 பேர், பொறுத்திருந்தவர்களில் 32 பேர். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது கணக்குத் தலைகீழாகியிருந்தது: ஊசிக்காரர் 69, பிசியோதெரபி செய்தவர்கள் 91, பொறுத்திருந்தவர்கள் 83. ஆறு வாரச் சுகத்துக்காக ஒரு வருடத்தை விற்கிறோம். ஆனால் நாட்சம்பளக்காரருக்கு ஆறு வாரம் என்பது பெரிய காலம்தான். கடன்காரர் ஒரு வருடம் பொறுக்க மாட்டார். ஊசி போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தெரிவுக்கு அவர்களைத் தள்ளிய வேலை முறையைத்தான் குறை சொல்கிறேன்.

அப்படியானால் என்ன செய்வது? கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு மூன்று மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது, வைத்தியம் இலவசம். வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, "கை நோகுது டொக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எந்தக் கையால், ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம், எப்போது தொடங்கியது என்று சொல்லுங்கள். அதைக் கிளினிக் கொப்பியில் எழுதும்படி மரியாதையாகக் கேளுங்கள். பிசியோதெரபிக்கு அனுப்ப முடியுமா என்றும் கேளுங்கள். அங்கே சொல்லித்தரும் பயிற்சிக்குப் பெரிய கருவி தேவையில்லை. முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து, மற்றக் கையின் உதவியோடு உயர்த்தி, தனியே மெதுவாக இறக்குவது. கொஞ்சம் நோகலாம். மறுநாள் நோவு கூடினால் பாரத்தைக் குறைக்க வேண்டும். வாளியைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கினால் இழுவை குறையும். பத்தில் எட்டுப் பேருக்கு ஒரு வருடத்துக்குள் இது ஆறிவிடும். பாரமான கைவேலையை விடாமல் செய்பவர்களுக்குத்தான் இழுபடும்.

வன்னி மக்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 2009இலும் அதற்கு முன்பும் செல் துண்டு பாய்ந்த கைகள் இங்கே எத்தனையோ. பதுங்குகுழிக் காலத்தில் சரியாகப் பொருந்தாமல் ஒட்டிய எலும்புகளும் உண்டு. உங்கள் முழங்கை முழுதாக நீளவில்லை, இடையில் பூட்டிக்கொள்கிறது, சின்னவிரல் விறைக்கிறது என்றால் அது டென்னிஸ் எல்போ அல்ல. வேறு கதை, எக்ஸ்ரே வேண்டும். காய்ச்சலோடு மூட்டுச் சிவந்து வீங்கினால் அன்றைக்கே போக வேண்டும். உடம்பில் எங்காவது துண்டு இருந்தால், கேட்காவிட்டாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள். எம்ஆர்ஐ இயந்திரம் பெரிய காந்தம், உள்ளே இருக்கும் இரும்பை அது அசைத்துவிடும். பழைய கதை எதற்கு என்று வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

சட்டத்துக்கு வருகிறேன். எங்களுக்குள்ள தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். விபத்தை நடுவில் வைத்து எழுதப்பட்டது. மரத்திலிருந்து விழுந்தால், இயந்திரத்தில் கை போனால் கேட்கலாம். பத்து வருடமாகத் தேய்ந்த முழங்கைக்கு விபத்து நடந்த திகதி எது? ஆனால் அதே பிரித்தானிய ஆட்சி, தன் சொந்தச் சுரங்கத் தொழிலாளரின் முழங்கை நோயை 1907இலேயே நட்டஈட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது. எங்களுக்கு 1934இல் சட்டம் தந்தவர்களுக்கு, வேலையால் முழங்கை கெடும் என்று 27 வருடங்களுக்கு முன்பே தெரியும். சர்வதேச தொழில் அமைப்பு 2010இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில், திரும்பத் திரும்பப் பலமாகச் செய்யும் வேலையால் வரும் முழங்கை நோவு பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. எமது சங்கம் தொழில் அமைச்சிடம் கேட்க வேண்டியது, அந்த வரியை எங்கள் சட்டத்திலும் தெளிவாக எழுதுங்கள் என்பதே.

அதற்கு வருடங்கள் ஆகலாம். தோட்டத்திலேயே கேட்கக்கூடியது ஒன்று உண்டு: வைத்தியர் கடிதம் தந்தால், கை ஆறும்வரை கைப்பிடி இறுக்கம் தேவையில்லாத வேலையும் முழுப் பேரும். சம்பளப் பேச்சில் தொகையை மட்டும் பேசிவிட்டு எழும்பிவிடுகிறோம். இதையும் மேசையில் வைக்க வேண்டும். வன்னியில் பலருக்குத் தோட்டமே இல்லை, ஒப்பந்தக்காரர்தான், அவரும் மாதம் ஒருவர். யாரிடம் எத்தனை நாள் என்ன வேலை செய்தோம் என்ற பதிவு இல்லாமல் எந்தச் சட்டம் வந்தும் பயனில்லை. ஆகவே வேலை நாட்களை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையிடம் கொடுங்கள். நான் படிப்பிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அட்டவணை போட நன்றாகவே பழகியிருக்கிறார்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது அந்தக் கொப்பியையும் கிளினிக் கொப்பியையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். முதல் கடிதத்தை அன்றைக்கே எழுதத் தொடங்குவோம்.