காப்பிக் கோப்பையும் குடல் புற்றுநோயும்

காப்பி அருந்துவோருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்புக் குறைவு என்னும் செய்தி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம் வருகிறது. இது முஸ்லிம்கள் உலகுக்கு வழங்கிய பானம் என்ற பெருமிதமும் சில வேளைகளில் உடன் வருகிறது. அதில் பிழையில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு திக்ருக்கு விழித்திருக்க ‘கஹ்வா’ அருந்தினர். மோக்கா துறைமுகத்தின் வழியே அது கடல் கடந்தது. செய்தியை நாம் வாசிக்கும் விதம்தான் கவலைக்குரியது.

காப்பியின் மீது மருத்துவச் சாட்சியம் கேட்பது புதிதன்று. 1511ஆம் ஆண்டு மக்காவில் மம்லூக் அதிகாரி காயிர் பேக் மார்க்க அறிஞர்களைக் கூட்டினார். காப்பி உடலுக்குக் கேடு என்று மருத்துவர்களைச் சொல்லவைத்துத் தடை விதித்தார். கெய்ரோவிலிருந்து வந்த சுல்தானின் ஆணை காப்பியை முற்றிலும் விலக்க இடம் தரவில்லை, தடை நிலைக்கவில்லை. இன்று நம் கையில் அதைவிடப் பன்மடங்கு தரமான சாட்சியம் உண்டு. ஆயினும் அது சொல்லாததையும் சொன்னதாகக் கொள்கிறோம்.

2016இல் வெளியாகிப் பெரிதும் பேசப்பட்ட ஆய்வையே எடுத்துக்கொள்வோம். அது இஸ்ரேலின் வடபகுதியில் நடந்தது. பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய் கண்ட 5,145 பேரையும் அந்நோய் இல்லாத 4,097 பேரையும் ஒப்பிட்டனர். காப்பி அருந்தியோரிடம் நோய்க்கான வாய்ப்பு 26 விழுக்காடு குறைந்து காணப்பட்டது; நாளொன்றுக்கு இரண்டரைக் கோப்பைக்கு மேல் அருந்தியோரிடம் 50 விழுக்காடு வரை. கஃபீன் நீக்கிய காப்பியிலும் இதே போக்கு தெரிந்ததால், கஃபீன் மட்டுமே காரணமாக இருக்க இயலாது.

எண்கள் கவர்ச்சியானவைதாம். ஆனால் இது நோய் வந்த பின் பழைய பழக்கத்தைக் கேட்டறிந்த ஆய்வு. வயிற்றில் கோளாறு தொடங்கியவர் காப்பியைத் தாமே குறைத்துக்கொள்வது இயல்பு. அப்படியாயின், காப்பி குறைந்ததால் நோய் வந்ததா, நோயின் தொடக்கத்தால் காப்பி குறைந்ததா? இவ்வகை ஆய்வு இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1991இல் சிறுநீர்ப்பையைக் கருதிக் காப்பியைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது. 2016இல் அதை விடுவித்து, புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்தச் சான்று போதாது என்றது. அந்த விடுவிப்பைப் பாதுகாப்புச் சான்றிதழாக எண்ணிவிடக் கூடாது. (அதே அமர்வில், 65 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்க அருந்தும் எப்பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்றும் அம்முகமை கூறியது. டபராவில் ஆற்றிக் குடிப்பவருக்கு இக்கவலை இல்லை.)

மேலும், அங்கே அருந்திய காப்பியும் நாம் அருந்துவதும் ஒன்றா? நம் கடைகளில் விற்கும் கலவைத் தூளில் ஏறத்தாழப் பாதிவரை சிக்கரி இருக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதில் பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் சேர்த்து நாளுக்கு நான்கு முறை அருந்திவிட்டு, ஆய்வின் பலனை எதிர்பார்ப்பது கணக்கில் சேராது. உடற்பருமன் பெருங்குடல் புற்றுநோய்க்கு உறுதியான காரணங்களுள் ஒன்று.

காப்பியைவிட வலுவான சான்று இருப்பது நம் உணவுத் தட்டைப் பற்றித்தான். அதே முகமை 2015இல், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என உறுதியாக வகைப்படுத்தியது. நாளொன்றுக்கு 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு உயரும் என்றது. ஆடு, மாடு முதலிய சிவப்பு இறைச்சி ‘அநேகமாக உண்டாக்கக்கூடியது’ என்ற பிரிவில் இருக்கிறது. சாசேஜ், சலாமிப் பொட்டலத்தின் மேலுள்ள ஹலால் முத்திரை அறுத்த முறையைப் பற்றிப் பேசுகிறதேயன்றி, கெடாமலிருக்கச் சேர்த்த நைட்ரைட்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இந்தச் செய்தியை எந்தக் குழுவிலும் யாரும் முன்னனுப்புவதில்லை. வலீமா விருந்தன்று சொன்னால் வரவேற்பும் இராது.

எல்லாவற்றையும்விட நம்மை வருத்துவது நாணம். மலத்தில் இரத்தம் கண்டால் ‘மூலம்’ என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறோம். பல வேளைகளில் அது மூலமாகவே இருக்கும். ஆனால் மலக்குடல் புற்றுநோயும் அதே முகத்தோடுதான் வருகிறது. இரத்தம் கசிந்தால் உளூ முறியுமா என்று ஆலிமிடம் கேட்கத் தயங்காதவர், அதே இரத்தத்தை மருத்துவரிடம் சொல்ல மாதக்கணக்கில் தயங்குகிறார். நம் தாய்மாரும் பாட்டிமாரும் இதில் இன்னும் பின்தங்கி நிற்கின்றனர். சிகிச்சையின் தேவைக்கு வேண்டிய அளவு அவ்ரத்தை வெளிப்படுத்தலாம் என்பது நம் ஃபிக்ஹ் நூல்கள் இடமளித்த செய்தி; பெண் மருத்துவர் கிடைத்தால் அவரை நாடலாம். இத்தகைய வீட்டில் ‘காப்பி காக்கும்’ என்ற ஆறுதல் நுழைந்தால், தள்ளிப்போட மேலும் ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

இந்நோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் சிறு முளையாகத் தோன்றி, புற்றாக மாறப் பத்தாண்டுகள் வரை எடுத்துக்கொள்கிறது. அந்த முளையைக் குடல் உள்நோக்குக் கருவியால் கண்டு, அப்போதே அகற்றிவிடவும் முடியும். அறிகுறி இல்லாதோரும் 45 வயது முதல் பரிசோதிக்க வேண்டும் என்று அமெரிக்க வல்லுநர் குழு 2021இல் பரிந்துரைத்தது. நம் நாட்டின் தேசியத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களையே தேடுகிறது. குடலுக்கு அழைப்பு வராது, நாமே கேட்க வேண்டும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கண்டறியும் எளிய சோதனை உண்டு. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் வந்திருந்தால் 40 வயதிலோ, அவருக்குக் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னரோ, எது முந்தியதோ அப்போது பரிசோதனையைத் தொடங்குவது வழக்கம். வாப்பாவுக்கு 48இல் தெரியவந்ததென்றால் பிள்ளைகளுக்கு 38இல்.